கணிதத் திறனும் மேதைமையும்: இராமானுஜனை முன்வைத்து

முன்னுரை

ஒரு மாணவன் வரலாற்றுப் பாடத்தில் தோற்றால் அவன் படிக்கவில்லை என்பர். கணக்கில் தோற்றால் அவனுக்கு மூளை இல்லை என்பர். முன்னது முயற்சியைப் பற்றிய கூற்று. பின்னது ஆளைப் பற்றிய தீர்ப்பு. இவ்வேறுபாடு இன்றைய கல்விச் சூழலில் எவராலும் வினவப்படாமலே நிலைபெற்றுள்ளது. கணிதத் திறன் பிற திறன்களுள் ஒன்றாகக் கருதப்படாமல் அறிவின் பொது அளவுகோலாகவே கொள்ளப்படுகிறது. அவ்வளவுகோலின் உச்சியில் 'மேதை' என்னும் சொல் நிறுத்தப்படுகிறது. இச்சமன்பாடு எத்துணைப் பொருத்தமுடையது என்பதையும், அதனால் யாருக்கு என்ன நேர்கிறது என்பதையும் சீனிவாச இராமானுஜனின் (1887-1920) வாழ்வை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

சொல்லும் பொருளும்

பழந்தமிழ் வழக்கில் எண்ணும் எழுத்தும் பகைப்புலங்கள் அல்ல. வள்ளுவர் கல்வி அதிகாரத்தில் இவ்விரண்டையும் வாழும் உயிர்க்குரிய இரு கண்களாகவே வைத்தார். ஒரு கண்ணை மற்றதற்கு மேலாக வைக்கவில்லை. 'கணக்கு' என்னும் சொல்லே நூல் என்னும் பொருளையும் தாங்கி நின்றது. பதினெண்கீழ்க்கணக்கு என்னும் தொகைப்பெயரும், ஆசிரியரைக் குறிக்கும் 'கணக்காயர்' என்னும் சொல்லும் இதற்குச் சான்றாகும். கணக்கு என்றாலே எண்ணை மட்டும் நினைப்பது பிற்காலத்துப் பழக்கம்.

'மேதை' என்பது வடமொழி 'மேதா' என்பதன் வழி வந்தது. கற்றதை மனத்தில் இருத்தும் ஆற்றல், கூரிய அறிவு என்னும் பொருள்கள் அதற்கு உண்டு. இதற்கு இணையாக இன்று வழங்கும் 'ஜீனியஸ்' என்னும் இலத்தீன் சொல்லோ, ஒருவருடன் பிறந்து அவரைக் காக்கும் தெய்வத்தைக் குறித்தது. ஒன்று மனிதனின் உள்ளாற்றல். மற்றது வெளியிலிருந்து வந்து சேர்ந்த துணை. இராமானுஜனைப் பற்றிய பேச்சுகளில் இவ்விரு பொருளும் மாறிமாறிக் கலந்துவிடுவதைக் காணலாம்.

விரைவு என்னும் மயக்கம்

கணிதத் திறன் என்று பொதுமக்கள் கருதுவது பெரும்பாலும் கணக்கிடும் விரைவையே. 1980ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் சகுந்தலா தேவி இரண்டு பதின்மூன்று இலக்க எண்களை 28 நொடியில் மனத்தாலேயே பெருக்கினார். வியக்கத்தக்க இத்திறனை ஆர்தர் ஜென்சன் என்னும் உளவியலறிஞர் ஆராய்ந்து, எளிய தூண்டல்களுக்கு எதிர்வினையாற்றும் அடிப்படை வேகத்தில் அவர் பிறரினும் பெரிதும் வேறுபடவில்லை என 1990இல் எழுதினார். எண்களோடு இளமை முதல் பழகிய நெருக்கமே அவரிடம் தனித்து நின்றது எனலாம். இதற்கு மறுதலையாக, தம் காலத்தின் தலைசிறந்த கணிதவியலாரான ஆன்றி பொயின்கரே, பிழையின்றிக் கூட்டல் செய்யவும் தம்மால் இயலாது என்று வெளிப்படையாகவே எழுதியுள்ளார்.

இவ்வேறுபாடு தமிழ் மரபுக்குப் புதிதன்று. கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நான்காக வகுத்த மரபு, கொடுத்த பொருளில் உடனே பாடும் ஆற்றலை அவற்றுள் ஒன்றாக மட்டுமே கொண்டது. 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரைத் தமிழுலகம் போற்றியது. ஆயினும் அவதானத்தின் அருமை வேறு, கவிதையின் பெருமை வேறு என்பதை அக்காலப் புலவர்கள் அறிந்தே இருந்தனர். எண்ணுலகில் மட்டும் இத்தெளிவு ஏனோ கைநழுவிவிட்டது.

மதிப்பெண் பட்டியலின் வரலாறு

கணிதத் திறனை மேதைமையின் அளவாக்கிய நூல்களுள் பிரான்சிஸ் கால்டன் 1869இல் வெளியிட்ட மரபுவழி மேதைமை குறித்த நூல் முதன்மையானது. மனிதர்களிடையே அறிவாற்றல் எத்துணைப் பெரிய இடைவெளியுடன் அமைந்துள்ளது என்று காட்ட அவர் எடுத்துக்கொண்ட சான்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதச் சிறப்புத் தேர்வான டிரைபோஸ் மதிப்பெண்கள் ஆகும். முதலிடம் பெற்றவருக்கும் கடையிடம் பெற்றவருக்கும் உள்ள மதிப்பெண் வேறுபாட்டையே அவர் இயற்கை தந்த ஆற்றலின் வேறுபாடாகக் கொண்டார். அதே கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற கால்டன், உடல்நலம் குன்றிச் சிறப்புத் தேர்வைக் கைவிட்டுப் பொதுப் பட்டம் மட்டுமே பெற்றவர் என்பது ஈண்டு எண்ணத்தக்கது. தம்மைத் தோற்கடித்த அளவுகோலையே அவர் உலகுக்குப் பொதுவாக்கினார்.

அப்பட்டியல் எதனை அளந்தது? 1854இல் முதலிடம் பெற்றவர் எட்வர்டு ரூத். இரண்டாமிடம் பெற்றவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். ரூத் திறமையான கணிதவியலார். பின்னாளில் பல முதலிடத்தாரை உருவாக்கிய புகழ்பெற்ற பயிற்சியாசிரியர். மேக்ஸ்வெல்லோ மின்காந்தவியலின் சமன்பாடுகளால் இயற்பியலையே மாற்றியமைத்தவர். பட்டியல் பொய் சொல்லவில்லை. கொடுத்த காலத்தில் கொடுத்த வினாக்களுக்கு விடையளிக்கும் திறனை அது செம்மையாகவே அளந்தது. அதற்குமேல் அதனிடம் கேட்டதுதான் பிழை. இன்னொன்றும் உண்டு. மேக்ஸ்வெல் தம் கொள்கைக்கு அடிப்படையாகக் கொண்டவை, முறையான கணிதக் கல்வியே பெறாத மைக்கேல் ஃபாரடேயின் கருத்துகள். கணிதம் கற்காத ஃபாரடேயின் சிந்தனை தன்மையால் கணிதமுறையே என்று மேக்ஸ்வெல் கருதினார்.

1898இல் இத்தேர்வில் நான்காமிடம் பெற்ற ஜி. எச். ஹார்டி பிற்காலத்தில் அதன் கடும் எதிர்ப்பாளரானார். தரவரிசைப்படி பெயர்களை வெளியிடும் முறை 1909ஆம் ஆண்டுப் பட்டியலோடு முடிவுக்கு வந்தது. சென்னையிலிருந்து வந்த ஓர் எழுத்தரின் கடிதத்தை நான்கு ஆண்டுகளுக்குப்பின் அவர் பொறுமையுடன் படித்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது.

காண்ட் எழுப்பிய தடை

மேதைமை பற்றிய மெய்யியல் விவாதங்களுள் இமானுவேல் காண்ட் 1790இல் வெளியிட்ட தீர்ப்பாற்றல் குறித்த ஆய்வுநூலின் கருத்து தனிச்சிறப்புடையது. மேதைமை கலைக்கே உரியது. அறிவியலுக்கு உரியதன்று என்பது அவர் துணிபு. நியூட்டன் தாம் கண்ட உண்மைகளுக்குச் சென்ற வழியைப் படிப்படியாகப் பிறருக்குக் காட்ட முடியும். பிறரும் அதனைக் கற்க முடியும். ஹோமரோ தம் கற்பனை எவ்வாறு எழுந்தது என்று தாமே அறியார்; ஆதலின் பிறர்க்குக் கற்பிக்கவும் இயலாது. கற்பிக்கத்தக்கது எதுவும் மேதைமையன்று என்பது இதன் சாரம்.

இத்தடையை எதிர்கொள்ளத்தக்க சான்று இராமானுஜன். வந்த வழியைக் காட்டாமல் வந்தடைந்த இடத்தை மட்டும் குறிப்பேடுகளில் எழுதியவர் அவர். தம் சூத்திரங்களை நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளாக அவர் கூறியதாகச் சொல்லப்படுகிறது. காண்ட் கூறிய ஹோமருக்கும் இவருக்கும் வேறுபாடு குறைவு. ஆனால் கதை அங்கு முடியவில்லை. அமெரிக்கக் கணிதவியலார் புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக அக்குறிப்பேடுகளின் கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுவல்களுடன் பதிப்பித்தார். 1916இல் இராமானுஜன் முன்வைத்த ஒரு கணிப்பை பியேர் டெலின் 1974இல் மெய்ப்பித்தார். ஆகவே, கற்பிக்க இயலாத வழியில் கண்டறியப்பட்டவை கற்பிக்கத்தக்க உண்மைகளாயின. கண்டடையும் முறையும் கண்டதை நிறுவும் முறையும் வேறுவேறு என்பதைக் காண்ட் போதிய அளவு பிரித்துப் பார்க்கவில்லை என்றே கொள்ளவேண்டியுள்ளது.

தெய்வத் துணை என்னும் விளக்கத்தை ஹார்டி ஏற்கவில்லை. இராமானுஜன் அறிவார்ந்த முறையில் சிந்தித்தவர் என்றே அவர் வற்புறுத்தினார். இதில் ஹார்டியின் பக்கமே வலுவுடையது. இராமானுஜன் பகா எண்களைப் பற்றி இந்தியாவில் இருந்தபோது கொண்ட முடிவுகளுள் சில தவறாயின. தவறுவது மனித சிந்தனையின் அடையாளம். தவறுகளை மறைத்து அவரைத் தெய்வீகராக்குவோர், அவர் பலகையில் எழுதி அழித்த ஆண்டுக்கணக்கான உழைப்பையும் சேர்த்தே மறைக்கின்றனர்.

ஒரு சூத்திரம், மூவர் திறன்

கணிதத் திறன் ஒருபடித்தானது அன்று என்பதை 1918இல் ஹார்டியும் இராமானுஜனும் இணைந்து வெளியிட்ட கட்டுரை தெளிவாக்குகிறது. ஒரு முழு எண்ணை எத்தனை வகையில் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதே அதன் பொருள். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையில் பிரிக்கலாம். 10க்கு 42 வகை. 100க்கோ 19,05,69,292 வகை. இவ்வாறு பெருகும் எண்ணிக்கைக்கு ஒரு சூத்திரம் உண்டா என்பது வினா.

துல்லியமான சூத்திரம் இருக்கவேண்டும் என்று நம்பி முன்சென்றவர் இராமானுஜன். சிக்கலெண் சார்புகளின் நுட்பங்களைக் கொண்டு நிறுவலைக் கட்டியெழுப்பியவர் ஹார்டி. சூத்திரம் சரிதானா என்று பார்க்க, பீரங்கிப் படையில் பணியாற்றிய முன்னாள் இராணுவ அதிகாரியான பெர்சி மக்மோகன் 200 வரையிலான எண்கள் அனைத்திற்கும் கையாலேயே கணக்கிட்டுத் தந்தார். 200க்குரிய விடை 39,72,99,90,29,388. சூத்திரத்தின் எட்டு உறுப்புகள் தந்த விடை இதனின்று 0.004 அளவே வேறுபட்டது. இம்மூவருள் மேதை யார் என்று கேட்டால் விடை உடனே வந்துவிடும். ஆயினும் மக்மோகனின் அட்டவணை இல்லையேல் சூத்திரத்தின் துல்லியத்தை அவர்களே அறிந்திருக்க இயலாது. ஹார்டி இல்லையேல் அது குறிப்பேட்டின் ஒரு வரியாகவே நின்றிருக்கக்கூடும். மேதைமை ஒருவரின் மண்டைக்குள் முழுமையாக அடைபட்டிருக்கும் பொருள் என்னும் எண்ணத்தை இந்நிகழ்வு அசைக்கிறது.

தேறாதவர் யார்

இங்கிருந்தே அறவினா எழுகிறது. இராமானுஜன் 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். பிற பாடங்களில் தவறியதால் அத்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் பயின்று 1907 வரை முயன்றும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அவரை ஆட்கொண்டதாகக் கூறப்படும் கார் என்பவரின் நூல், கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவரைப் பயிற்றிய ஆசிரியர் ஒருவர் ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களை நிறுவல் சுருக்கித் திரட்டியதாகும். தொல்காப்பிய மரபியலின் வகைப்பாட்டில் சொன்னால் அது தொகுத்து யாத்த வழிநூல். தேர்வுக்கென எழுந்த நூலே தேர்வில் தேறாத ஒருவருக்கு வாயிலாயிற்று.

1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். அதே ஆண்டில் வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். பல்கலைக்கழகம் பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. வாக்கர் 1889ஆம் ஆண்டு டிரைபோஸ் தேர்வில் முதலிடம் பெற்றவர். தேறியவர் ஒருவர் சொன்னபின்பே தேறாதவர் ஏற்கப்பட்டார்.

இந்நிகழ்வு கல்விக்கூடங்களில் ஊக்கமூட்டும் கதையாகச் சொல்லப்படுகிறது. கதையின் உள்ளுறை யாது? இராமானுஜன் மேதை, ஆதலின் அவர் தோல்வி மன்னிக்கத்தக்கது என்பதே. இவ்விளக்கம் அவரைக் காப்பாற்றுகிறது. அவரைத் தோற்கடித்த அளவுகோலைத் தொடாமல் விடுகிறது. மேதை என்று பின்னாளில் மெய்ப்பிக்கப்படாத மாணவனின் தோல்விக்கு இதில் இடமில்லை. அவன் மந்தன் என்னும் தீர்ப்பு அப்படியே நிற்கிறது. விலக்கு ஒன்றைக் கொண்டாடுவதன் வாயிலாக விதி மேலும் இறுகுகிறது. கணிதத்தில் வல்லவனுக்கு ஆங்கிலத்தில் தவற உரிமை உண்டு என்று கருதுவோர், தமிழில் வல்லவனுக்குக் கணிதத்தில் தவற உரிமை உண்டு என்று கருதுவதில்லை என்பதும் நோக்கத்தக்கது.

'மேதைக்குக் கல்வி தடையாகாது' என்னும் பேச்சையும் இதனோடு சேர்த்தே பார்க்கவேண்டும். ஹார்டியின் கருத்து இதற்கு நேர்மாறானது. இராமானுஜனின் வாழ்வில் உண்மையான அவலம் அவர் 32 வயதில் இறந்தது அன்று. கல்லூரியை விட்டபின் வழிகாட்டலின்றிக் கழிந்த ஐந்து ஆண்டுகளில் அவர் ஆற்றல் திசைமாறியதே என்று அவர் எழுதினார். ஐரோப்பாவில் முன்னரே கண்டறியப்பட்டவற்றை இராமானுஜன் மீண்டும் தனியே கண்டுகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அவ்வாண்டுகளில் அவர் மேதை அல்லர் என்று எவரும் கூறார். ஆயினும் அப்போது அவர்முன் இருந்தது வேலைதேடும் ஓர் இளைஞனின் நிலையே. கணக்குக் குறிப்பேடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு வீடாகச் சென்றார். துணை ஆட்சியர் வி. இராமசுவாமி ஐயர், நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவ் போன்ற கணித ஆர்வலர்கள் அவற்றைத் திறந்து பார்த்தனர். இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். அவர் உதவத் தொடங்கியபோது கேம்பிரிட்ஜின் சான்று இல்லை. இராயல் கழகத்தின் ஏற்பும் இல்லை.

1907இல் அதே எப்.ஏ. தேர்வை எழுதித் தேறாத மற்ற மாணவர்களின் குறிப்பேடுகளில் என்ன இருந்தது என்று எவரும் பார்த்ததாகப் பதிவில்லை.