எரியாமல் நின்றது எது?

2003 ஜனவரி 18. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவை ஒட்டிய மவுண்ட் ஸ்ட்ராம்லோ மலை மீது காட்டுத்தீ ஏறியது. அங்கிருந்த வான் ஆய்வகத்தில் குவிமாடங்களின் அலுமினியக் கூரைகள் உருகின. ஆடிகளும் மின்னணுக் கருவிகளும் அழிந்தன. ஒரு மாடத்துக்குள் தொலைநோக்கி ஒன்றின் கருகிப்போன வார்ப்பிரும்புச் சட்டம் மிஞ்சி நின்றது. அதன் முக்கியப் பாகங்கள் 1860களில் அயர்லாந்தின் டப்ளின் நகரில், தொலைநோக்கி செய்யும் கிரப் குடும்பத்தாரின் பட்டறையில் செய்யப்பட்டவை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 20ஆம் நூற்றாண்டு அந்தத் தொலைநோக்கிக்கு மாட்டிவிட்டதெல்லாம் சாம்பலாயிற்று. 19ஆம் நூற்றாண்டு செய்தது தங்கிவிட்டது. பழைய உடம்பையும் பிற்கால ஒட்டுகளையும் தீ ஒரே நாளில் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது.

அதன் பெயர் ‘கிரேட் மெல்போர்ன் டெலஸ்கோப்’. 1869இல் மெல்போர்னில் நிறுவியபோது தெற்கு அரைக்கோளத்திலேயே அதுதான் பெரியது. ஆடியின் விட்டம் 48 அங்குலம். அதைக் கட்டிய நோக்கமே ஒரு தத்துவக் கேள்வி போல இருக்கிறது. 1830களில் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் தங்கி, மங்கலான மேகம் போலத் தெரியும் தென்வானத்து நெபுலாக்களைக் கையால் வரைந்து வைத்திருந்தார். அதே நெபுலாக்களை மறுபடி வரைந்து, இடைப்பட்ட காலத்தில் அவை மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வானம் மாறுகிறதா என்று சோதிக்க வந்த கருவி, தானே மாறிக்கொண்டிருந்ததுதான் சிக்கல்.

அதன் ஆடி கண்ணாடியால் ஆனதில்லை, உலோகம். செம்பும் வெள்ளீயமும் கலந்த வார்ப்பு. கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடியும் இதே இனம்தான். கையில் அடங்கும் அந்தச் சிறு ஆடியைப் பார்த்தவர்களுக்கு, மனித உயரத்தின் முக்கால் பங்கு அகலம் கொண்ட அதன் பெரிய உறவினரைக் கற்பனை செய்வது கடினமாக இராது. இந்த உலோகம் காற்றுப்பட்டு மங்கும். மங்கினால் மறுபடி மெருகேற்ற வேண்டும். மெருகேற்றும்போது மேல்தோல் மயிரிழைக்கும் குறைவாகத் தேய்ந்தாலும் வளைவு கெட்டுவிடும். வளைவு கெட்டால் விண்மீன் புள்ளியாகத் தெரியாது, கலங்கித் தெரியும். ஆக, ஒவ்வொரு சுத்தப்படுத்தலும் ஒரு மறுபடைப்பு. கடல்வழிப் பயணத்துக்காகப் பூசிய அரக்குப் பூச்சை நீக்கியதிலிருந்தே ஆடிக்குத் தொல்லை தொடங்கியது. எதிர்பார்த்த பெருமை அந்தக் கருவிக்குக் கிடைக்கவில்லை.

1940களில் மெல்போர்ன் ஆய்வகத்தை மூடியதும் அது மவுண்ட் ஸ்ட்ராம்லோவுக்குப் போனது. உலோக ஆடி போய் 50 அங்குலப் பைரெக்ஸ் கண்ணாடி ஆடி வந்தது. குழாய் மாறியது, இயக்கும் பொறி மாறியது. 1990களில் மாக்கோ என்ற ஆய்வுத் திட்டத்துக்காக அது கரும்பொருளைத் தேடி மெகல்லன் மேகங்கள் என்ற விண்மீன் மண்டலங்களை இரவு தோறும் படமெடுத்துக்கொண்டிருந்தது. பிறந்து நூற்றிருபது வயது கடந்தபின் பார்த்த வேலைதான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பிறகு தீ.

2008இல் எஞ்சிய பாகங்கள் மெல்போர்னுக்குத் திரும்பின. அருங்காட்சியகமும் தாவரவியல் பூங்காவும் விக்டோரியா வானியல் சங்கத்துத் தன்னார்வலர்களும் சேர்ந்து அதை மீட்கும் வேலையில் இறங்கினார்கள். பழைய இரும்புத் தாங்கியில் புதிய ஆடி பொருத்தி, மக்கள் மறுபடி அதன் வழியே வானத்தைப் பார்க்க வைப்பது திட்டம். அப்படிப் பார்த்தால், அவர்கள் பார்க்கப்போவது எந்தத் தொலைநோக்கி வழியாக?

இந்தியத் தத்துவத்தின் நியாய வைசேடிகரைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்: உறுப்பு நீங்கினால் பழைய முழுமை அழிந்தது, இப்போதிருப்பது வேறொன்று. கிழிந்த துணியே அவர்களுக்குப் புதுத்துணிதான். மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டிப் பேசிய பௌத்தத் துறவி நாகசேனர், அச்சிலும் இல்லை சக்கரத்திலும் இல்லை, தேர் என்பது வழங்கும் பெயர் என்று முடித்துவிடுவார். இரண்டும் கூர்மையான பதில்கள். ஆனால் பட்டறையில் கையில் ஸ்பேனரோடு நிற்பவருக்கு, எந்தத் திருகாணியை வைத்துக்கொள்வது, எதை வீசுவது என்று இவை சொல்வதில்லை.

தமிழகத்துக் கோயில்கள் இந்தக் கேள்வியை ஏட்டில் வைக்காமல் சடங்காக்கின. திருப்பணிக்கு முன் மூர்த்தியின் தெய்வ ஆற்றலான கலையைக் குடத்து நீருக்கு மாற்றிப் பாலாலயம் என்ற தற்காலிகச் சன்னிதியில் வைப்பார்கள். வேலை முடிந்ததும் கும்பாபிஷேகத்தில் திரும்பச் சேர்ப்பார்கள். கல் மாறினாலும் சாமி மாறவில்லை. அழகான ஏற்பாடு. ஆனால் அதன் விலையையும் நாம் கொடுத்திருக்கிறோம். உயிர் குடத்தில் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியில் உடம்பை மறந்துவிட்டோம். மணலை வீசியடித்துச் சுத்தம் செய்து, கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்து மொழுமொழுவென்று ஆன சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அருங்காட்சியகத்தின் நோய் இதற்கு நேர் எதிர்: ஒரு ஆணிகூடப் பிசகாத உடம்பு, உள்ளே உயிர் இல்லை. கயிறு கட்டி, தொடாதே என்று எழுதி வைத்த தொலைநோக்கி, பூசை நின்றுபோன கோயில் மாதிரிதான்.

மெல்போர்ன்காரர்கள் போகும் வழி இரண்டு நோய்க்கும் தப்புகிறது. இரும்பை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை; ஆடி மாறுவதற்காகக் கண்ணீரும் விடவில்லை. இது சரியான முடிவு. ஆடி தேயும் என்பது 1869இலேயே தெரிந்த விஷயம்தானே.

கிரப் பட்டறையின் கைவேலையைப் பார்க்க ஆஸ்திரேலியாவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. சென்னை வான் ஆய்வகத்துக்காகப் பாரிஸின் லெர்புர், செக்ரெத்தான் நிறுவனம் 1850இல் செய்த 6 அங்குலத் தொலைநோக்கியை, 1898இல் டப்ளினில் ஹோவர்டு கிரப் மாற்றியமைத்தார். அது கொடைக்கானல் மலைக்குப் போய்ச் சூரியனைப் படமெடுக்கும் கருவியாயிற்று. பாரிஸில் பிறந்து, டப்ளினில் உருமாறி, பழனி மலையில் வேலைக்குச் சேர்ந்த கருவி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கொடைக்கானலில் நாள்தோறும் எடுத்துவந்த சூரியப் படங்கள் இப்போது கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. சூரியப் புள்ளிகள் நூறாண்டில் எப்படி மாறின என்று அறிய ஆய்வாளர்கள் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள்.