யார் செய்த பாவம்?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது அவர் செய்த பாவத்தாலா, பெற்றோர் செய்த பாவத்தாலா என ஆண்டவரை வினவினர். இருதரப்பிலும் இல்லை என்பதே அவர் மறுமொழி (யோவான் 9). ஆயினும் அக்கேள்வி இன்னும் ஓயவில்லை. மயிலாப்பூரில் செவித்திறன் குன்றிய பிள்ளைகளுக்கெனப் பள்ளிகள் உள்ளன. இக்குறைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று மரபு. ஆனால் அன்னையர் பலர் முன்னோர் சாபம் என்றும், கிரகணத்தன்று வெளியே வந்த பிழை என்றும் பழி சுமக்கின்றனர்.

இப்பழியை நீக்கும் அறிவுக்கு அடிக்கல் நாட்டியவர் அகுஸ்தினார் சபைத் துறவி கிரகோர் மெண்டல். மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து கண்ட முடிவுகளை அவர் 1865-இல் அறிவித்தார்; உலகம் அவற்றை உணர்ந்தது 1900-இல்தான். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என மரபணுக்கள் இணையாக வருகின்றன. பல குறைகளில், ஒன்று பழுதாயினும் மற்றது ஈடு செய்யும். பெற்றோர் இருவரும் அதே பழுதை மறைவாகத் தாங்கினால், ஒவ்வொரு பேற்றிலும் குறை வெளிப்பட நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. தாங்குவோர் நலமாகவே இருப்பர், ஆதலால் அறியார்.

தாய்மாமனையும் அத்தை மகனையும் முறைமாப்பிள்ளையாகக் கொண்டாடுவது நம் வழக்கம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களுள் நான்கில் ஒருவருக்கு மேல் உறவினரை மணந்தவர்கள். மாமனும் அக்காள் மகளும் சராசரியாக நான்கில் ஒரு பங்கு மரபணுக்களையும், அத்தை, மாமன் மக்கள் எட்டில் ஒரு பங்கையும் பொதுவாகப் பெற்றவர்கள். எனவே ஒரே பழுது இருவரிடமும் அமைய இடம் மிகுதி. அத்தகைய மணங்களில் பிறக்கும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் நலமுடன் இருப்பதும் உண்மையே.

திருச்சபைச் சட்டம் 1091, பக்கவழி இரத்த உறவில் நான்காம் படி வரை திருமணத்தைத் தடுக்கிறது. அதற்கு விலக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கையொப்பம் மட்டுமா பெறுவது? அந்த வேளையே எளிய தமிழில் இவ்வறிவைச் சொல்லும் வேளை. தியாகராய நகரில் திருமணப் புடவை எடுக்க ஒரு நாளைச் செலவிடும் குடும்பம், மரபணு ஆலோசனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாகாதா?

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. பிள்ளை பிறந்தபின், 'சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை' என்று பேசுவது, பழைய பழிக்கு அறிவியலின் பெயரைச் சூட்டுவதாகும். பிறந்த பிள்ளை பிழையன்று, இறைச்சாயல். மணத்துக்கு முன் தெளிவாகச் சொல்வதும், பிறப்புக்குப் பின் எவரையும் குற்றம் சாட்டாதிருப்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகள். அறியாதவர்க்குக் கற்பிப்பதை இரக்கச் செயல்களுள் ஒன்றாகத் திருச்சபை எண்ணுகிறது. அச்செயலை நம் திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் தொடங்குவோம்.