இடது கைக்குக் காது கொடுத்தால்

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' முதல்முறை கேட்பவரைத் திணறடிக்கும். தொடக்கத்தில் வரும் 'ஆரியா' இதமான மெட்டு; மனசு உடனே அதைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த உருப்படியில் அந்த மெட்டைக் காணோம். அதற்கடுத்ததிலும் இல்லை. முப்பது உருப்படிகள் கழிந்த பிறகே அது திரும்ப வருகிறது. அதற்குள் பலர் எழுந்து போயிருப்பார்கள்.

மெட்டைத் தேடுவதில்தான் சிக்கல். 1741-இல் அச்சான இந்த இசையில் பாக் விடாமல் பிடித்திருப்பது மேலே கேட்கும் மெட்டை அல்ல, அடியில் பெரும்பாலும் இடது கை வாசிக்கும் கீழ் ஸ்வரங்களின் போக்கை. அதன்மேல்தான் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் கட்டுகிறார்.

தமிழ்க் காதுக்கு இது பழகிய வேலை. இளையராஜா பாட்டில் குரலை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரின் பின்னாலேயே போய்ப் பார்த்தவர்கள் இங்கே ஏராளம். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த அவர், 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பை தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். திருவண்ணாமலை ரமணரைப் பாடியவரும் அவரே. திருவண்ணாமலைக்காரர் ஒருவருக்கு பாக்கிடம் போக இதைவிட நல்ல வழி வேண்டாம்.

போனில் லட்சக்கணக்கான பாட்டுகள் கிடைக்கும்போது ஒரே இசைக்கு வாரக்கணக்கில் காது கொடுப்பது எதற்கு? கிரிவலம் போகிறவரைக் கேட்டால் தெரியும். 14 கிலோமீட்டரும் சுற்றி வருவது ஒரே மலையைத்தான். ஆனாலும் அக்னி லிங்கத்தருகே பார்த்த மலை குபேர லிங்கத்தருகே வேறு முகம் காட்டுகிறது. நடக்காதவருக்கு அது ஒற்றை மலைதான்.

அவசரமில்லாமல் கேட்பவர் முதலில் ஆரியாவோடு மட்டும் சில நாள் இருக்கட்டும், அடிக்குரல் வாயில் முணுமுணுப்பாக வரும்வரை. பிறகு ஒவ்வொன்றாக. மூன்றாவது உருப்படி ஒரு கானன்: ஒரு குரல் சொன்னதை இன்னொன்று சற்றுப் பின்னால் சொல்லிக்கொண்டே வரும். 6, 9 என்று 27 வரை மும்மூன்றாக வரும் கானன்களில் இரண்டு குரல்களின் இடைவெளி ஒவ்வொரு ஸ்வரமாகக் கூடிக்கொண்டே போகிறது. 25-ஆவது உருப்படி மைனர் ஸ்கேலில், மிக நிதானமாக நகரும் சோகம். முந்தைய 24-ஐயும் பொறுமையாகக் கேட்டு வந்தவருக்கு அது தரும் கனம், நேரே அங்கே தாவியவருக்குக் கிடைக்காது.

வாசித்தவருக்கும் காலம் தேவைப்பட்டிருக்கிறது. கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955-இல், 22 வயதில் பதிவு செய்தபோது ஆரியா இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. 1981-இல் மறுபடி வாசித்தபோது அதே ஆரியா மூன்று நிமிடத்தைத் தாண்டியது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு 1981 பதிவே நல்லது; அதில் ஒவ்வொரு குரலும் தனித்தனியே காதில் விழுகிறது.