கடனுக்கு வந்த நிலம்

1930 வாக்கில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவில் போட்டிருந்த முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி நெல்வயல்களின் மேல் கொடுத்த கடன். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐராவதி டெல்டா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. காடு வெட்டி வயலாக்கிய உழவருக்கு ஆங்கிலேய வங்கிகள் நேரடியாகக் கடன் தரவில்லை; செட்டியார் கடைகள் தந்தன. செட்டியார்கள் ரங்கூன் மொகல் தெருவில் மாலையில் கூடி வட்டியை முடிவு செய்வார்கள். உள்ளூர் லேவாதேவிக்காரர் வாங்கியதைவிட அது பெரும்பாலும் குறைவுதான். இதைச் சொல்லாமல் அவர்களைப் பழிப்பது நேர்மையல்ல.

உலகப் பொருளாதாரச் சரிவில் நெல் விலை பாதிக்கும் கீழே போயிற்று. கடன் மட்டும் குறையவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் வசமிருந்த நிலம் 6 விழுக்காடு, 1937இல் 25. விரும்பி வாங்கிய நிலமல்ல அது. கணக்கு முடித்து ஊர் திரும்பும் மேலாளுக்கு, அதாவது கடையை நடத்திய முகவருக்கு, வேண்டியது ரொக்கம். செட்டியார்கள் கடனாகக் கொடுத்த முதலிலும் பிறர் போட்ட பணம் கலந்திருந்தது. ஆனாலும் யாருடைய பிழையுமில்லாத விலைச்சரிவின் முழுச் சுமையும் உழுதவன் தலையில் விழுந்தது. பத்திரம் செல்லும் என்பதாலேயே அது நியாயமாகிவிடாது. அசலில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும் கடமை கடன் கொடுத்தவருக்கும் இருந்தது.

பர்மியரின் கோபமோ கடைக்காரரோடு நிற்கவில்லை. 1930 மே மாதம் ரங்கூன் கலவரத்தில் அடிபட்டு மாண்டவர்கள் பெரும்பாலும் தெலுங்குத் துறைமுகக் கூலிகள். யாருக்கும் வட்டிக்குக் கொடுத்தவர்கள் அல்லர். சிலர் மேலுள்ள கோபத்தை ஒரு சமூகத்தின் மேலேயே காட்டும் வழக்கம் கென்யாவிலும் உண்டு: 2015இல் காரிசா பல்கலைக்கழகத்தில் நடந்த தீவிரவாதத் தாக்குதலுக்குப் பின் அரசு 13 சோமாலியப் பணப்பரிமாற்ற நிறுவனங்களை முடக்கியது. ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த சாதாரணச் சோமாலியரும் தண்டிக்கப்பட்டார்கள்.

1948இல் பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. உழுபவனுக்கே நிலம் என்ற அளவில் அந்தச் சட்டம் சரி. செட்டியார்களுக்கு உரிய இழப்பீடு கிடைக்காமல் போனது தவறு. 1964இல் நே வினின் இராணுவ அரசு கடைகளைப் பறித்து, பெரிய நோட்டுகளைச் செல்லாதாக்கி, சிறு வணிகர்களையும் கூலிகளையும் வெறுங்கையோடு கப்பலேற்றியது. அதற்கு எந்த நியாயமும் கிடையாது.