குறத்தி கேட்ட கூழ்

ஆசையே துன்பத்திற்குக் காரணம் என்பது பகவான் புத்தர் அருளிய இரண்டாம் வாய்மை. அப்படியாயின், பசித்தவன் சோறு கேட்பதும் ஆசைதானா? பம்பாயில் நான் ஆலைத் தறியில் நின்ற காலத்தில், கூலி உயர்வு கேட்ட எங்களுக்கு, "ஆசையை விடுங்கள்" என்று உபதேசித்த பெரியவர் ஒருவர் உண்டு. அன்று எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

பின்னர் அதனைத் திருக்குற்றாலக் குறவஞ்சியில் கண்டேன். திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய இந்நூலை, 1944இல் ருக்மிணி தேவி நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். அதன் நகைச்சுவை இரு பெண்களின் உரையாடலில் உள்ளது. குற்றாலநாதர்மேல் மையல் கொண்ட வசந்தவல்லி, தன் எண்ணம் ஈடேறுமா என்று குறி கேட்கிறாள். குறத்தியோ, முதலில் வயிற்றுக்குக் கஞ்சி, இல்லையேல் கூழ், பிறகு வெற்றிலை பாக்கு என்கிறாள். அவையோர் நகைப்பர்.

சிந்தித்துப் பாருங்கள். கூழுக்கு அளவுண்டு, வயிறு நிறைந்தால் அடங்கும். வசந்தவல்லியோ நற்குறி கேட்டும் அமைதியுறாது, மேன்மேலும் வினவிச் சினக்கிறாள். குறி சொல்லிப் பெற்ற சிலம்பைக் குறத்தியின் காலில் கண்ட சிங்கன், விரியன் பாம்போ என்று மருள்கிறான். தேவைக்கு மேற்பட்ட பொருள் பாம்பாகவும் கூடும் அல்லவா?

ஆளவி நகரில் பசியோடு வந்த ஏழைக்கு உணவளிக்கச் செய்த பின்னரே புத்தர் அறம் உரைத்தார் என்கிறது தம்மபத உரை. மணிமேகலை அமுதசுரபி ஏந்தியதும் இதற்கே. பசி ஆசையன்று, பிணி.

ஆகவே அன்பர்களே, தாராவியில் குடிநீர் கேட்பவரிடம் ஆசையை விடுமாறு கூறாதீர்கள். வயிறு நிறைந்த பின்னும் "இன்னும்" என்று கேட்பவரிடம் கூறுங்கள். அக்குரல் நம்முடையதாயின், முதலில் நமக்கே கூறிக்கொள்வோம்.