காண்பன, அறிவன

புரோமினை எங்கிருந்து எடுப்பது? வீட்டு மூலையில் கண்ணாடிக் குடுவைகளோடு உட்காரும் வேதியியல் ஆர்வலர்களின் பழைய கேள்வி இது. பதில் ரொம்பச் சுலபம்: கடல். லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம், புரோமைடாகக் கரைந்து கிடக்கிறது. உப்பு விளைந்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் இன்னும் அடர்த்தியாக இருக்கும். எனக்குச் சிக்கலாகப் படுவது வேறொன்று. ஒரு பொருள் கையில் கிடைத்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்? 1820களில் இந்தத் திரவம் மூன்று பேர் கையில் கிடைத்தது. மூவருக்கும் இருபத்திச் சொச்சம் வயது. கண்டுபிடித்தவர் என்று பாடப்புத்தகத்தில் நிற்பது பெரும்பாலும் ஒருவர்தான்.

அவர் அன்துவான் பலார், 1802இல் பிறந்தவர். பிரான்சின் மோன்பெலியேவில் ஆய்வக உதவியாளர். கடற்பாசிச் சாம்பல் கரைசலில் அயோடின் இருக்கிறதா என்று பார்க்க, குளோரின் நீரும் ஸ்டார்ச்சும் சேர்த்தார். கீழே நீலம் வந்தது. அது அயோடின், எதிர்பார்த்ததுதான். மேலே அடர் மஞ்சளாக ஒரு அடுக்கு. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து உப்பளத்தின் கசப்பு நீரிலிருந்து கடைசியில் அவர் பிரித்தெடுத்தது, மூக்கைத் துளைக்கும் நாற்றமுள்ள கருஞ்சிவப்புத் திரவம். குளோரினும் அயோடினும் சேர்ந்த கலவையாக இருக்குமோ என்றுதான் அவருக்கும் முதலில் தோன்றியது. உடைத்துப் பார்த்தார். அயோடின் வரவே இல்லை. அப்படியானால் இது தனித் தனிமம் என்று 1826இல் அறிவித்தார்.

அதே மஞ்சளை ஜெர்மனியில் இன்னொருவரும் பார்த்திருந்தார். யூஸ்டஸ் ஃபான் லீபிக், 1803இல் பிறந்தவர், இருபத்தொரு வயதில் பேராசிரியர் ஆனவர். க்ரோய்ட்ஸ்நாக் உப்பு ஆலையின் மிச்ச நீரில் அயோடினைத் தேடியபோது, ஸ்டார்ச் ஓரிரவில் மஞ்சளாகியிருந்தது. வியந்துபோய், அதே நீரை நிறைய வாங்கி, திரவத்தையும் பிரித்தெடுத்துவிட்டார். அது அயோடின் குளோரைடு மாதிரியே இருந்தது. பல வினைகளில் மட்டும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு முரணுக்கும் தனக்குத் திருப்தியான ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டார். புட்டியில் 'திரவ அயோடின் குளோரைடு' என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்தார். சில மாதம் கழித்து பலாரின் கட்டுரை வந்தது.

எங்கள் பள்ளியில் உப்புப் பகுப்பாய்வு நோட்டில் மூன்று கட்டம் போடுவோம்: சோதனை, காண்பன, அறிவன. என்ன உப்பு என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிட்டால் 'காண்பன' தானாக நிரம்பிவிடும் என்பது வகுப்புக்கே தெரிந்த ரகசியம். லீபிக் அந்த ரகம் இல்லை. கண்டதை நேர்மையாகக் கண்டார். அறிவன கட்டத்துக்கு வந்தபோதுதான் கண்டதையெல்லாம் சமாதானப்படுத்திவிட்டார்.

இது குற்றமா, வெறும் துரதிர்ஷ்டமா? புட்டியில் நிஜமாகவே அயோடின் குளோரைடு இருந்திருந்தால் இதே அவசரத்தை 'அனுபவம்' என்று மெச்சியிருப்போம். தவிர, சின்னச் சின்ன முரண்களை ஒதுக்கித்தள்ளாமல் யாரால் வேலை செய்ய முடியும்? எல்லாவற்றுக்கும் நின்று நின்று பார்த்தால் எந்தச் சோதனையும் முடியாது. இருந்தும் அவரை அப்படியே விட்டுவிட எனக்கு மனசில்லை. அறியாமையை மன்னிக்கலாம். அவருடையது அறியாமை இல்லை. ஒத்துப்போகவில்லை என்று பொருள் அவரிடம் பலமுறை சொல்லிவிட்டது. பலாருக்கும் அதே ஊகம்தான் இருந்தது, ஆனால் அந்த ஊகம் தோற்றுப்போக அவர் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். லீபிக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்து இருவருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான், மூளை அளவில் ஒன்றுமில்லை.

லீபிக் பிறகு இதை வெளிப்படையாக எழுதினார் என்பதும் உண்மை. எழுதிய விதம்தான் வேடிக்கை. எனக்கு ஒரு வேதியியலாளரைத் தெரியும் என்கிற தொனியில், யாரோ மூன்றாம் மனிதனின் கதை போல. நாமும் "என் ஃபிரெண்ட் ஒருத்தன்" என்று ஆரம்பிப்பதில்லையா?

சரி, பொறுமையாக இருந்தால் போதும் என்று முடித்துவிடலாம் என்றால் மூன்றாமவர் குறுக்கே நிற்கிறார். கார்ல் லோவிக். அவரும் 1803, அதே க்ரோய்ட்ஸ்நாக்கில் பிறந்தவர். ஊர்க் கனிம ஊற்று நீரில் குளோரினைச் செலுத்தி, ஈதரால் அந்தப் பழுப்புத் திரவத்தைப் பிரித்தார். 1825இல் ஹைடல்பெர்க்கில் பேராசிரியர் கிமெலினிடம் கொண்டுபோய்க் காட்டினார். நல்லது, இன்னும் நிறையத் தயாரித்து வா, ஆராயலாம் என்றார் கிமெலின். எந்த நல்ல ஆசிரியரும் சொல்லக்கூடியதுதான். லோவிக் மறுபடி வேலையில் இறங்கினார். அதற்குள் பலார் அறிவித்துவிட்டார்.

பாவம், லோவிக்கிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவசரப்படவில்லை, எதையும் சமாதானம் சொல்லி மூடவில்லை. அவர் இழந்தது பெயரை மட்டும்தான் என்று சொல்வது எளிது. இருபத்திரண்டு வயதில் அது 'மட்டும்' இல்லை என்பது ஏதாவது எழுதி அனுப்பிக் காத்திருக்கிற யாருக்கும் தெரியும். ஆனால் 1829இல் அவர் புரோமினைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். வேறொருவர் பெயரில் போய்விட்ட பொருளை விடாமல் ஆராய்ந்தார். கண்டுபிடிப்பு என்ற சொல்லுக்கு எனக்குப் பிடித்த அர்த்தம் அதுதான் என்றாலும், இதைச் சொல்லி அவரைத் தேற்றியிருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

முந்திக்கொண்ட பலாருக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. உப்புநீரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'மூரிட்' என்று ஒரு பெயரை அவர் யோசித்து வைத்திருந்தார். பாரிஸில் அவர் கட்டுரையைச் சரிபார்த்த வோக்லான், தெனார், கே-லுசாக் குழு அதை ஏற்கவில்லை. நாற்றம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயரே நிலைத்தது.