கூரையின் அழகு

இங்கிலாந்தில் ஸ்ட்ராட்ஃபர்டுக்கு அருகே ஷாட்டரி என்னும் சிற்றூரில் ஒரு கூரை வீடு இருக்கிறது. அடியில் கல், மேலே மரச்சட்டம், தலையில் கனத்த வேய்ச்சல். ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவேயின் பிறந்தகம் அது. 1892-இல் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை அதை விலைக்கு வாங்கியது. 1969-இல் தீப்பிடித்தபோதும் செப்பனிட்டுப் பழைய கோலத்திலேயே நிறுத்தினார்கள். உலகத்தார் காசு கொடுத்து அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

நம் குன்னத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த சாளைகளும் அதற்கு உறவுதான். கல்லும் மண்ணும் சேர்ந்த சுவர், பனங்கை, பனை ஓலை. நீர் ஊறுமுன் வழிந்துவிட வேண்டும் என்பதற்காகக் கூரை செங்குத்தாகச் சரியும். சுவர் நனையாதிருக்க இறவாரம் தாழ இறங்கும். ஷாட்டரியில் வேய்ந்தவனும் இங்கே வேய்ந்தவனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனாலும் மழை கேட்ட கேள்விக்கு இருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

அப்படியிருக்க, அது பொக்கிஷம், இது ஏழ்மை என்பது என்ன நியாயம்? அயல்நாட்டு மோகம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு மூன்று வருஷத்துக்கொருமுறை ஓலைக்குக் கடன் வாங்குகிறவனிடம், உன் வீடு அழகு என்று சொல்ல நமக்கு வாய் வருமா? 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளியில் கூரை பற்றிக்கொண்டு 94 குழந்தைகள் மாண்டார்கள். அந்தத் தாய்மாரிடம் போய் ஓலையின் குளிர்ச்சியைப் பேச முடியுமா?

விட்டுப் போக வழியுள்ளவனுக்குத்தான் கூரை அழகு. வழியில்லாதவனுக்கு அது விதி. ஆகவே 2024-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாய் உதவியோடு ஒருவன் கான்கிரீட் வீட்டுக்குப் போனால், மரபு அழிகிறதே என்று மின்விசிறியின் கீழ் அமர்ந்து நாம் புலம்புவது தர்மமல்ல. நம் ரசனைக்காக அவன் ஒழுகும் கூரையைக் காவல் காக்க வேண்டியதில்லை.

ஆனால் சித்திரை வெயிலில் அந்தப் புது வீடு அடுப்பாகக் கொதிக்கிறது; அவன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வருகிறான். அவன் விட்டது ஓலையை மட்டுமல்ல. தாழ்ந்த இறவாரத்தையும் தடித்த சுவரையும் சேர்த்தே விட்டுவிட்டான். அவற்றைப் புது வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்ப்பது அவன் கடமையன்று. கட்டிக் கொடுக்கிறவர்களின் கடமை.